டீலியா பாட்டியும் பதிவேட்டுத் தேதியும்: அயர்லாந்துக் குடியுரிமைப் பதிவில் எங்கள் அனுபவம்

"குழந்தை பிறக்கட்டும், அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே விண்ணப்பித்துக்கொள்ளலாம். அவசரமே இல்லை."

2024 ஏப்ரலில் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம் எங்களிடம் தொலைபேசியில் சொன்னது இது. இதைக் கேட்க 350 பவுண்ட் கட்டியிருந்தோம். சொன்னது தவறு. அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால், கொள்ளுப்பாட்டி வழியாக என் மகளுக்கு வர வேண்டிய அயர்லாந்துக் குடியுரிமை அவள் பிறந்த நிமிடத்திலேயே கைநழுவிப் போயிருக்கும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கடைசியில் நாங்கள் பயன்படுத்தியது அயர்லாந்து அரசின் சேவைகளைத்தான். முதலாவது, வெளியுறவுத் துறை நடத்தும் ஃபாரின் பர்த்ஸ் ரெஜிஸ்டர், அதாவது வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கான பதிவேடு. அப்புறம், பழைய பதிவுகளைத் தேட அரசே நடத்தும் ஐரிஷ் ஜீனியாலஜி இணையதளம். சான்றிதழ்களுக்கு ரோஸ்காமனில் இருக்கும் பொதுப் பதிவாளர் அலுவலகம். இவை போதும். நடுவில் ஓர் ஆள் தேவையே இல்லை.

நான் தமிழ்நாட்டில் பிறந்தவள், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஏழு வருடமாக இருக்கிறேன். கணவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி அயர்லாந்தின் மேற்கில் மேயோ கவுண்டி, சுவின்ஃபோர்ட் பக்கம். 1951-ல், பத்தொன்பது வயதில், கப்பலேறி வந்தவர். மேயோவிலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். பாட்டி இங்கேயே கல்யாணம் செய்து, நான்கு பிள்ளைகளைப் பெற்று, 2011-ல் காலமானார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் இந்த ஆறு மாதக் காகித வேலையில் அவரோடு கூடவே வாழ்ந்த மாதிரி இருக்கிறது.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களைப் போல் பலர் இடறுவது இங்கேதான். அயர்லாந்துத் தீவில், வட அயர்லாந்தும் சேர்த்துத்தான், 2005-க்கு முன் பிறந்த ஒருவர் அயர்லாந்துக் குடியுரிமைக்கு உரியவர். அவருடைய பிள்ளை உலகத்தில் எங்கே பிறந்தாலும் பிறப்பாலேயே குடிமகன். எங்கும் போய்ப் பதிய வேண்டாம், நேரே பாஸ்போர்ட் கேட்கலாம். பேரப்பிள்ளை கதை வேறு. அவருக்கு உரிமை உண்டு, ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறிய நாளிலிருந்துதான் அவர் குடிமகன். அது பிறந்த நாளுக்குப் பின்னோக்கிப் போகாது. 1986 சட்டத் திருத்தத்துக்கு முன்பு பதிந்தவர்களுக்குக் கணக்கு வேறு. இப்போது பதிபவர்களுக்கு இதுதான். ஆகவே பேரன் பதிவதற்கு முன் அவனுக்குப் பிறந்த பிள்ளைக்கு அந்த வழி கிடையாது. பதிந்த மறுநாள் பிறந்தால் உண்டு. ஒரே ஒரு நாள் வித்தியாசம் போதும்.

அந்த நிறுவனத்தின் ஆள் பேசியபோது நான் பத்து வாரக் கர்ப்பம். அதையும் அவரிடம் சொல்லியிருந்தோம். அப்படியும் அவசரமில்லை என்றார். மே மாதம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் துறையின் விளக்கப் பக்கத்தை நானே வரிவரியாகப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கணவரை எழுப்பி உட்காரவைத்து அதையே அவருக்குப் படித்துக் காட்டினேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக மாமியார் வீட்டுக்குப் போனோம்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் அது பழகிவிட்டது. 1958-ல் லீட்ஸில் பிறந்தவர். "அத்தை, நீங்கள் பிறந்ததிலிருந்தே அயர்லாந்துக் குடிமகள்தான். விண்ணப்பம் எதுவும் போட வேண்டியதில்லை, ஏற்கெனவே அப்படித்தான்" என்றேன். கையிலிருந்த டீக் கப்பைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அம்மாவுக்கு இது தெரிந்திருக்குமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. 1956-ல் வந்த அயர்லாந்துக் குடியுரிமைச் சட்டத்தில் அப்பா வழி, அம்மா வழி இரண்டும் ஒன்று என்று ஆகியிருந்தது. அத்தை அதற்கு இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவர். அறுபத்தாறு வருடமாக அந்த உரிமை அவரோடு இருந்திருக்கிறது, ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

சரி, காகிதங்களுக்கு வருகிறேன். முதல் தேவை பாட்டியின் பிறப்புச் சான்றிதழ். "அயர்லாந்து ஆவணங்களெல்லாம் 1922-ல் எரிந்துபோய்விட்டன, தேடித் தர இன்னும் 200 பவுண்ட் ஆகும்" என்றும் அந்த நிறுவனம் சொல்லியிருந்தது. இது பாதி உண்மை. 1922 ஜூன் 30-ம் தேதி, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது நிஜம். 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி அதில் போனது. ஆனால் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இல்லை. 1864 முதல் உள்ளவை இன்றும் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் பாட்டியோ 1932-ல் பிறந்தவர். அந்தத் தீக்கும் அவர் சான்றிதழுக்கும் சம்பந்தமே இல்லை.

ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் நூறு வருடம் கடந்த பிறப்புகளும், எழுபத்தைந்து வருடம் கடந்த திருமணங்களும், ஐம்பது வருடம் கடந்த இறப்புகளும் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை, பதிவேட்டின் பக்கமே படமாக வருகிறது. பாட்டியின் பிறப்பு நூறு வருடத்தைத் தொடாததால் அதில் இல்லை. அவருடைய அப்பா அம்மாவின் கல்யாணம் இருந்தது: 1928, சுவின்ஃபோர்ட் பதிவு மாவட்டம்.

அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. கட்டங்கள் போட்ட தாள், சாய்ந்த கையெழுத்து, சில இடங்களில் பேனா மை கொட்டிய தடம். வயது என்ற கட்டத்தில் எண் இல்லை. 'முழு வயது' என்று ஒரே சொல். மேஜர் ஆகிவிட்டார்கள் என்று அர்த்தம். மாப்பிள்ளைக்கு விவசாயி என்று எழுதியிருக்கிறது, பெண்ணுக்கு விவசாயி மகள். இரண்டு பேருக்கும் ஊர் என்ற இடத்தில் டவுன்லேண்ட் பெயர். டவுன்லேண்ட் என்பது அயர்லாந்தில் கிராமத்தைவிடச் சின்ன நிலப் பிரிவு. அவர்களுக்கு அதுதான் முகவரி. சாட்சிகளில் ஒருவர் கையெழுத்துப் போடவில்லை. ஒரு பெருக்கல் குறி, அதைச் சுற்றி வேறு கையெழுத்தில் அவர் பெயர். அத்தை திரையில் அந்தக் குறியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இவர் என் அம்மாவுக்குப் பெரியப்பாவாக இருக்க வேண்டும். அம்மா அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்" என்றார்.

திருமணப் பதிவு விண்ணப்பத்துக்கு நேரடியாகத் தேவைப்படவில்லை. ஆனால் அதில்தான் பாட்டியின் அம்மாவுடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் கிடைத்தது. அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழைச் சரியாகக் கேட்க முடியாது. ஒரே பதிவு மாவட்டத்தில் ஒரே பெயரும் குடும்பப் பெயரும் கொண்ட பெண்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், அம்மாவின் பெயர்தான் பிரித்துக் காட்டும். விவரத்தைக் கொடுத்து 20 யூரோ கட்டினோம். சான்றிதழ் வந்து சேர்ந்தது, ஐரிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும்.

அதைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. பெயர் பிரிஜெட் என்று இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அவர் டீலியா. லீட்ஸ் கல்யாணச் சான்றிதழிலும் டீலியாதான். பிறந்த தேதி 1932 மார்ச் 20. ஆனால் குடும்பமே பிப்ரவரி 1-ம் தேதி, புனித பிரிஜெட் நாளன்று, அவர் பிறந்தநாளைக் கொண்டாடி வந்திருக்கிறது. (அந்த நாளை ஒட்டி 2023 முதல் அயர்லாந்தில் ஓர் அரசு விடுமுறை உண்டு. பாட்டி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.)

பெயர்ச் சிக்கல் லேசில் தெளிந்தது. அயர்லாந்தில் பிரிஜெட் என்று ஞானஸ்நானம் பெற்ற பெண்களை டீலியா, பிரைடி, பிரீடா என்று கூப்பிடுவது வழக்கம். சுப்புலட்சுமி வீட்டில் சுப்பு ஆவது போல. தேதியைத்தான் எங்களால் ஜீரணிக்க முடியவில்லை. அத்தை சுவின்ஃபோர்ட் தேவாலயத்துக்கு ஃபோன் போட்டார். அங்கேயிருந்து ஞானஸ்நானச் சான்று வந்தது: 1932 பிப்ரவரி 3. அதாவது அரசுக் கணக்குப்படி பாட்டி பிறப்பதற்கு ஆறு வாரம் முன்பே ஞானஸ்நானம் ஆகிவிட்டது! அப்புறம்தான் காரணம் தெரிந்தது. பிறப்பைப் பதியக் காலக்கெடு உண்டு, தாண்டினால் அபராதம். பண்ணை வேலை நடுவே பதிவாளரைப் பார்க்க நேரம் கிடைக்காமல் போனவர்கள், போகிற அன்றைக்குக் கெடுவுக்குள் வருகிற மாதிரி ஒரு தேதியைச் சொல்லிவிடுவார்கள். அயர்லாந்துப் பழைய பதிவுகளில் இது சகஜம். எனக்கு இது அந்நியமாகவே படவில்லை. பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் போட்ட ஜூன் மாதத் தேதியோடுதான் என் அப்பா ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார்.

இரண்டு பெயரையும் சேர்த்துக் கட்டியது பாட்டியின் இறப்புச் சான்றிதழ். இங்கிலாந்தில் 1969 முதல் இறப்புச் சான்றிதழில் பிறந்த தேதி, பிறந்த இடம், பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் எல்லாம் எழுதுகிறார்கள். 2011-ல் பதியப் போன அத்தை, டீலியா என்றும் பிரிஜெட் என்றும் இரண்டு பெயரையும் சொல்லி எழுதவைத்திருக்கிறார். அன்றைக்கு அவர் அப்படிச் சொன்னது எங்களை எத்தனை அலைச்சலிலிருந்து காப்பாற்றியது! தேதி வித்தியாசத்துக்கு ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம் எழுதி, ஞானஸ்நானச் சான்றையும் சேர்த்து வைத்தோம். அதைப் பற்றி மறு கேள்வி எதுவும் வரவில்லை.

மற்ற சான்றிதழ்கள் இங்கிலாந்தில் வாங்க வேண்டியவை: கணவரின் பிறப்பு, அத்தையின் பிறப்பு, அத்தையின் திருமணம், பாட்டியின் திருமணம், பாட்டியின் இறப்பு. ஒன்று 12.50 பவுண்ட், ஐந்துக்கும் 62.50. பிறப்புச் சான்றிதழ் அப்பா அம்மா பெயருள்ள நீளமான வடிவமாக இருக்க வேண்டும், சின்னது செல்லாது. நகலும் செல்லாது, மூலம்தான் அனுப்ப வேண்டும். இவற்றோடு கணவருடைய பாஸ்போர்ட்டின் சான்றளித்த நகல், அத்தையுடையதும் அப்படியே, முகவரிக்கு இரண்டு ஆதாரம், புகைப்படங்கள்.

விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, கட்டணத்தைக் கட்டி, அச்செடுத்துக் கையெழுத்திட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். பெரியவர்களுக்கு 278 யூரோ, பதினெட்டு வயதுக்குக் கீழே 153. கேள்விகள் எளிமை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

சாட்சி விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. துறை தரும் பட்டியலில் உள்ள தொழில் செய்பவராக இருக்க வேண்டும்: மருத்துவர், வழக்கறிஞர், போலீஸ் அதிகாரி, பள்ளி முதல்வர் இப்படி. விண்ணப்பிப்பவரை நேரில் அறிந்தவராகவும் இருக்க வேண்டும், சொந்தக்காரராக இருக்கக் கூடாது. எங்களுக்குத் தெரிந்த பள்ளி முதல்வர் ஒருவர் ஒப்புக்கொண்டார். அவரிடம் போகும்போது கணவர் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய்விட்டார். முதல்வர் முன்னால் போட்டிருக்க வேண்டும். மறுபடி அச்செடுத்து, மறுபடி போய், ஒரு வாரம் வீண். எனக்கோ வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு வாரம் கூடிக்கொண்டே இருந்தது. சாட்சியின் கையெழுத்து விண்ணப்பத்தில் மட்டும் போதாது, புகைப்படத்தின் பின்னாலும் வேண்டும் என்பதையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 8-ம் தேதி கட்டு போனது, டப்ளின் கவுண்டியில் உள்ள பால்பிரிகனுக்கு. எண் போட்டுப் பின்தொடரும் தபாலில்தான் அனுப்பினேன். அஞ்சலகத்தில் அதைக் கொடுக்கும்போது, ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஒரே உறைக்குள் வைத்து அனுப்புகிறேனே என்று கை கொஞ்சம் நடுங்கியது.

அப்போது சாதாரண விண்ணப்பத்துக்குச் சுமார் ஒன்பது மாதம் ஆகும் என்று போட்டிருந்தார்கள். எனக்குப் பிரசவ நாள் நவம்பர் நடுவில். இங்கேதான் இந்தச் சேவையைப் பற்றி மனதாரச் சொல்ல வேண்டியது இருக்கிறது. பிள்ளை பிறக்கப்போகிற பெற்றோர், நாடற்றவர் போன்ற அவசர நிலையில் உள்ளவர்களின் விண்ணப்பத்தை முன்னால் எடுத்துப் பார்க்கும் வழி அவர்களிடம் இருக்கிறது. அது அம்மாவுக்கு மட்டுமல்ல, அப்பாவுக்கும்தான். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு எண்ணைக் குறிப்பிட்டு, மிட்வைஃப் எழுதித் தந்த பிரசவத் தேதிக் கடிதத்தையும் வைத்துக் கேட்டோம். மூன்றாவது நாள் பதில் வந்தது: அவசர விண்ணப்பமாக எடுத்துக்கொள்கிறோம். நான்கு வரிதான். அதை அத்தைக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன், இன்னொரு தடவை படி என்றார்.

அந்த 350 பவுண்டில் இந்த ஒரு தகவல் மட்டும் இருந்திருந்தால்கூட அது நியாயமான விலை என்று சொல்லியிருப்பேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினோம். ஆலோசனை வழங்கப்பட்டுவிட்டது, திருப்ப முடியாது என்று பதில். அது போகட்டும், ஆனால் அதே ஆலோசனையைக் கேட்டு நம்பியிருக்கும் வேறு தம்பதிகளை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

அக்டோபர் மூன்றாவது வாரம் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு தடித்த உறையைத் தந்தார். உள்ளே அனுப்பிய மூலச் சான்றிதழ்கள் அத்தனையும், ஒன்றுகூடக் கசங்காமல். மேலே கணவரின் பதிவுச் சான்றிதழ். நான் முதலில் பார்த்தது தேதியைத்தான்: 2024 அக்டோபர் 10. மகள் பிறந்தது நவம்பர் 14. ஐந்து வாரம்.

கேட்பவர்களுக்காகச் சில விஷயம். மொழித் தேர்வு கிடையாது, அயர்லாந்தில் வசித்திருக்க வேண்டியதில்லை, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விட வேண்டியதும் இல்லை. பிரிட்டிஷ்காரர்களுக்கு அயர்லாந்தில் வாழ ஏற்கெனவே உரிமை உண்டு. ஆகவே என் கணவருக்குப் புதிதாகக் கிடைப்பது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழவும் வேலை பார்க்கவும் உள்ள உரிமை, அதாவது பிரெக்ஸிட்டில் இவர் தலைமுறை இழந்தது. எனக்கு இதனால் குடியுரிமை வராது. மனைவி என்ற முறையில் கேட்க வேண்டுமானால் திருமணமாகி மூன்று வருடமும், அயர்லாந்துத் தீவில் மூன்று வருட வசிப்பும் வேண்டும். கொள்ளுத்தாத்தா மட்டும் அயர்லாந்துக்காரர், அப்பாவோ அம்மாவோ நீங்கள் பிறக்கும் முன் பதியவில்லை என்றால் இந்த வழி இல்லை. மரபணுச் சோதனை முடிவை நீட்டினாலும் அது ஆதாரமாகாது. என் தோழி ஒருத்தியின் கணவர் இப்படித்தான் மனம் நொந்து போனார். பணம் கட்டும் முன் தலைமுறைகளை விரல் விட்டு எண்ணிவிடுங்கள். குழந்தை வயிற்றில் இருந்தால் இன்றைக்கே எண்ணுங்கள்.

அத்தை தனக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். பதிவேடு எதுவும் தேவைப்படவில்லை, பாட்டியின் பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் தன்னுடையவையும் போதுமாக இருந்தன. மே மாதம் சுவின்ஃபோர்ட் போக டிக்கெட் வாங்கியிருக்கிறார்.

மகளுக்கு இப்போது மூன்று மாதம். அவளுடைய விண்ணப்பம் மேஜைமேல் தயாராக இருக்கிறது. இம்முறை எந்த அவசரமும் இல்லை, அப்பாவின் தேதி அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கிற மாதிரி ஒரு புகைப்படம் எடுக்கத்தான் மூன்று நாள் ஆனது. அதே பள்ளி முதல்வரிடம் நாளைக்குப் போகிறோம். இந்தத் தடவை கையெழுத்து அவர் முன்னால்தான்.